முன்பெல்லாம் கத்துவான், இப்போது எதற்கும் ‘சரிப்பா’. விட்டுவிடலாமா?

கொலுசுப்பட்டறை:
வணக்கம். சேலம் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். மகன் பத்தாவது படிக்கிறான். போன வருஷம் வரைக்கும் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுவான். குழம்பில் உப்பு கம்மி என்றால் தட்டைத் தள்ளிவிடுவான், கதவை அறைந்து சாத்துவான். நானும் பதிலுக்குக் கத்த, தெருவுக்கே கேட்கும்.

ஆடியிலிருந்து ஆளே மாறிவிட்டான். கோபமே இல்லை. எது சொன்னாலும் ‘சரிப்பா’. மச்சான் ‘பையனுக்குப் பக்குவம் வந்துடுச்சு’ என்கிறார். பள்ளியில் கேட்டால் தொந்தரவே இல்லாத பையன் என்கிறார்கள். ஆனால் ஆடிப் பண்டிகைக்குச் சாமி வேஷத்தோடு வண்டிகள் வருமே, அந்தச் செவ்வாய்ப்பேட்டை வண்டி வேடிக்கைக்குக்கூட வரவில்லை, என் தோள்மேல் உட்கார்ந்து பார்த்த பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட்டும் நின்றுவிட்டது. கெஞ்சிக் கேட்டு வாங்கிய பேட்டை என் தங்கை மகனிடம், ‘எனக்கு இனிமே தேவைப்படாது, நீயே வச்சுக்கோ’ என்று கொடுத்துவிட்டான். பாதி ராத்திரியில் எழுந்து பார்த்தால் அவன் ரூமில் லைட் எரிகிறது. இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அம்மாபேட்டைக்காரன்:
அண்ணா, பத்தாவது டென்ஷன்தான். போனைப் பிடுங்கி வையுங்கள், தன்னால் சரியாகிவிடும். நமக்கெல்லாம் யார் கவுன்சலிங் கொடுத்தார்கள்? மனசு சரியில்லை என்றால் ஒரு தட்டுவடை செட் தின்றுவிட்டுப் படுத்தோம்.

கன்னங்குறிச்சி அக்கா:
தட்டுவடை செட் மேல் எனக்கும் மரியாதை உண்டு தம்பி. ஆனால் இது அதில் தீருகிற விஷயமாகத் தெரியவில்லை. மனநலப் பிரிவில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள் நான்.

பட்டறைத் தம்பி, நீங்கள் எழுதியதில் என்னை உறுத்துவது அந்தப் பேட். ஆசைப்பட்டு வாங்கிய பொருளைத் தூக்கிக் கொடுப்பதும் ‘இனிமே தேவைப்படாது’ என்பதும் தற்கொலை எண்ணத்தின் அறிகுறிகளில் வரும். அவனுக்கு அது இருக்கிறது என்று சொல்லவில்லை. கேட்காமல் விடக்கூடாது என்கிறேன், அதுவும் இன்றைக்கே. சுற்றி வளைக்காமல், ‘செத்துப்போயிடலாம்னு எப்பவாச்சும் தோணுதா கண்ணு?’ என்று கேளுங்கள். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோருக்கும் பயம். கிளப்பாது. ‘ஆமா’ என்றால், ‘உனக்கு என்னடா குறை வச்சேன்’ என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். சொல்லச் சொல்லக் கேளுங்கள், தனியாக விடாதீர்கள். அதற்கு முன்னாலேயே பட்டறையில் இருக்கிற ரசாயனம், வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் பூட்டி, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கத்துவதில்லை என்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது. ஜேம்ஸ் கிராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1990களில் ஒரு சோதனை செய்தார். அருவருப்பான ஒரு படத்தைக் காட்டி, சிலரை மட்டும் முகத்தில் எதையும் காட்டாமல் பார்க்கச் சொன்னார். முகம் அமைதியாகத்தான் இருந்தது. ஆனால் அருவருப்பு குறையவில்லை, கை வியர்ப்பது கூடியிருந்தது. உங்கள் பையனின் ‘சரிப்பா’வும் அந்த மாதிரி இருக்கலாம்.

இந்த வயதில் கோபம் இயல்புதான். உணர்ச்சியைப் பிடித்து நிறுத்துகிற முன்மூளை முழுதாக முதிர 25 வயது வாக்கில் ஆகிவிடும். ஆனால் பெரியவர்களிடம் சோகமாகத் தெரிகிற மனச்சோர்வு பிள்ளைகளிடம் எரிச்சலாகவும் வரும். அதனால் போன வருஷக் கோபமே இதன் தொடக்கமாக இருந்திருக்கலாம். எரிச்சலோ வெறுமையோ இரண்டு வாரத்துக்கு மேல் நின்று, தூக்கம், சாப்பாடு, விளையாட்டு எல்லாம் கெட்டால் டாக்டரிடம் காட்டிவிட வேண்டும்.

போனைப் பிடுங்காதீர்கள். அவன் மனம்விட்டுப் பேசுகிற ஒரே கூட்டாளி அதில்தான் இருக்கிறானோ என்னவோ. ராத்திரி மட்டும் எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்துத்தான், ஹாலில் சார்ஜில் கிடக்கட்டும். இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும்.

எந்நேரமும் 14416-க்குப் போடலாம். டெலி மானஸ், அரசு உதவி எண், காசு கிடையாது, தமிழில் பேசுவார்கள்.

நாகலூர் காபி:
ஏற்காட்டுப் பக்கம் அண்ணா. எனக்கு இருபது வயது. பதினொன்றாவது சேலத்தில் ஹாஸ்டலில் இருந்து படித்தபோது நானும் இந்த ‘சரிப்பா’ கேஸ்தான். சரி என்று சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி வராது, அது ஒரு வசதி. அப்பா எதிரில் உட்கார வைத்துக் கேட்டபோதெல்லாம் வாய் திறக்கவில்லை. ஒருநாள் அவர் பைக்கில் மலை ஏறும்போது பின்னால் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை பாருங்கள். வளைவு மொத்தம் 20, அவர் ஒன்றிலும் திரும்பிப் பார்க்கவில்லை. மேலே போய் வண்டியை நிறுத்தித் தோளில் கை போட்டார், அவ்வளவுதான். நீங்களும் எங்கேயாவது கூட்டிப்போய் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். அப்புறம் டாக்டர் மாத்திரை கொடுத்தால் முதல் சில வாரம் பெரிதாகக் குணம் தெரியாது, டாக்டரைக் கேட்காமல் நிறுத்த வேண்டாம்.

கொலுசுப்பட்டறை:
மூக்கனேரிக் கரையில் வண்டியை நிறுத்திக் கேட்டேன். ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். ‘தோணும்பா’ என்றான். கிளாஸில் ஏதோ கேலி, அது வாட்ஸ்அப் குரூப் வரைக்கும் போயிருக்கிறது. 14416-இல் பேசினேன், பொறுமையாகக் கேட்டார்கள். அவனையும் பேச வைத்தேன். இன்று ராத்திரி அவன் அம்மா கூடவே படுத்துக்கொள்கிறாள். காலையில் ஜி.எச். போகிறோம். அக்கா, பேர் பதிந்தால் பின்னால் காலேஜுக்கு, வேலைக்கு இடைஞ்சல் வருமா? டாக்டர் பேசும்போது நாங்கள் கூட இருக்க வேண்டுமா?

கன்னங்குறிச்சி அக்கா:
நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவன் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் கடமை. காலேஜுக்கெல்லாம் எழுதிப்போட மாட்டார்கள். டாக்டர் உங்களிடமும் கேட்பார், அவனிடம் தனியாகவும் பேசுவார். வெளியே இருங்கள் என்றால் தயங்காமல் எழுந்து வந்துவிடுங்கள். வீட்டுக்கு வரும் வழியில் ‘உள்ளே என்ன சொன்னே’ என்று குடையாதீர்கள். பேட் விஷயத்தையும் இந்த வாட்ஸ்அப் கேலியையும் நீங்களே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், பள்ளியில் பேசுவதை அவர் சொல்வதைக் கேட்டுச் செய்யலாம். ராத்திரியே நிலைமை மோசமானால் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், 108-ஐக் கூப்பிட்டு கேஷுவாலிட்டிக்குப் போய்விடுங்கள். ஓபி சீட்டுக்குக் கூட்டம் இருக்கும், பையனுக்கு இட்லி கொடுத்துக் கூட்டிப்போங்கள்.