பாப்புவா நியூ கினியாவில் ரக்பி லீக் எப்படி வேர் பிடித்தது?

கடலோரன்:
ஃபிஜி, சமோவா எல்லாம் 15 பேர் ஆடும் ரக்பி யூனியனில் பேர் வாங்கியவை. பாப்புவா நியூ கினியாவில் மட்டும் 13 பேர் ஆடும் லீக்தான் தேசிய விளையாட்டாமே? 800க்கு மேல் மொழிகள் உள்ள நாடு ஒரே ஆட்டத்தின் பின்னால் போனது எப்படி?

பழைய வாத்தியார்:
யார் ஆண்டார்கள் என்று பாருங்கள், பாதி விடை கிடைத்துவிடும். ஃபிஜி பிரிட்டிஷ்காரர் கையில், சமோவா நியூசிலாந்து கையில். பாப்புவா நியூ கினியாவை 1975 செப்டம்பர் வரை ஆண்டது ஆஸ்திரேலியா. 1930களில் புலோலோ பக்கம் தங்கம் தோண்ட வந்தவர்களும், அப்புறம் உலகப் போருக்கு வந்த சிப்பாய்களும் கொண்டுவந்த ஆட்டம் இது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் லீக்தான் ராஜா. உள்ளூர்க்காரர்கள் வெகுகாலம் வேடிக்கைதான் பார்த்தார்கள்.

சுதந்திரத்துக்கு இரண்டு மாதம் முன்பு இங்கிலாந்திடம் 40-12 என்று தோற்றார்கள். 1977இல் பிரான்ஸை 37-6 என்று நொறுக்கினார்கள். 1990இல் சொந்த நாட்டின் கொரோகா நகரில் கிரேட் பிரிட்டனை 20-18 என்று வென்றார்களே, அதை இன்னும் பேசுவார்கள். உள்ளே இடம் கிடைக்காத கூட்டத்தின் மீது போலீஸ் கண்ணீர்ப்புகை வீச, புகை மைதானத்துக்குள்ளும் வந்துவிட்டது!

நான் அந்த நாட்டின் லே நகரில் பாடம் நடத்தியவன். பையன்கள் காலி பிளாஸ்டிக் பாட்டிலைப் பந்தாக்கி ஆடுவார்கள். ஆனால் உண்மையான பைத்தியம் தேசிய அணியான குமுல்ஸ் மீது இல்லை. நான் சொன்ன அந்த இரண்டு ஆஸ்திரேலிய மாநிலங்கள் மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் வந்தால் ஊரே குயின்ஸ்லாந்தின் அரக்குச் சிவப்பு, நியூ சவுத் வேல்ஸின் நீலம் என்று பிரிந்துவிடும். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

மணல்மேடு:
அந்த ஆட்டத்துக்காக அடிதடி, கொலை வரை போயிருக்கிறது. யாரோ இரண்டு மாநிலங்களின் சண்டைக்கு இவர்கள் ஏன் சாக வேண்டும்?

கடலோரன்:
2028இல் அவர்களுக்கே ஆஸ்திரேலியாவின் உச்ச லீக் போட்டித் தொடரில் ஓர் அணி வருகிறதாமே?

பழைய வாத்தியார்:
ஆமாம், 2024 டிசம்பரில் அறிவித்தார்கள். ஆஸ்திரேலிய அரசு பத்து ஆண்டுகளில் 60 கோடி ஆஸ்திரேலிய டாலர் தருகிறது. சீனாவைத் தள்ளிவைக்கும் கணக்கு அது, சந்தேகமே வேண்டாம். ஆனாலும் தகுதி இல்லாமல் வரவில்லை. 2014இல் குயின்ஸ்லாந்து கோப்பைப் போட்டிக்குள் நுழைந்த பாப்புவா நியூ கினியா அணியான பிஎன்ஜி ஹன்டர்ஸ் 2017இல் கோப்பையையே தூக்கியது. சிம்பு என்ற மலை மாகாணத்துக்காரரான ஆட்டக்காரர் ஜஸ்டின் ஓலம் எங்கள் லே பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தவர். 2020இல் ஆஸ்திரேலிய அணியான மெல்போர்ன் ஸ்டார்ம் அந்த உச்சத் தொடரின் கோப்பையை வென்றபோது அணியில் இருந்தார். அவர் அதற்கு ஊரைவிட்டுப் போகவேண்டியிருந்தது. அடுத்து வருகிறவன் தலைநகர் போர்ட் மோர்ஸ்பியிலேயே ஆடலாம்.