கற்கண்டு ஒழுகிய தொப்பி: கோட்டிங்கனில் படித்தவர்கள் சொல்கிறோம்

சென்னையில் பிஎச்டி வைவா எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். கைடுக்குச் சால்வை, வந்தவர்களுக்கு ஸ்வீட் காரம் காபி, எக்ஸாமினரை ரயிலேற்றிவிட ஒரு வண்டி. ஜெர்மனியின் கோட்டிங்கனிலும் அன்றைய சாப்பாட்டுச் செலவு என் தலையில்தான் விழுந்தது. ஆனால் புது டாக்டரின் தலைமேல் வைக்கிற தொப்பியை மட்டும் லேப்காரர்கள் செய்துதர வேண்டும், அது அங்கே வழக்கம். அதுவும் நமக்குத் தெரியாமல். கடைசி வாரம் நான் உள்ளே நுழைந்தாலே யாராவது ஒரு அட்டைப்பெட்டியை மேசைக்கு அடியில் தள்ளுவார்கள். நானும் பார்க்காத மாதிரியே இருந்தேன்.

என் வேலை படிகங்கள். கிண்டியில், ஜி. என். ராமச்சந்திரன் 1952-ல் தொடங்கிய துறையில் படித்தவன் நான். படிகத்துக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன என்று கணக்கிட அங்கே நாங்கள் தினமும் ஓட்டிய ஷெல்எக்ஸ் நிரலை எழுதிய ஜார்ஜ் ஷெல்ட்ரிக், கோட்டிங்கனில் பேராசிரியராக இருந்தவர். கணினிக்கு அட்டையில் துளைபோட்டு நிரல் கொடுத்த காலத்தில் கேம்பிரிட்ஜில் ஆரம்பித்த நிரல் அது. 1978-ல் அவரோடு கோட்டிங்கனுக்கு வந்துவிட்டது. கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் மட்டும் பார்த்த பெயருக்கு ஒரு ஊரும் தெருவும் இருக்கிறது என்பதே எனக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது.

படிகம் வளர்ப்பது பொறுமைக்காரர் வேலை. பொருளைக் கரைத்துச் சின்னக் குப்பியில் ஊற்றி, மூடியில் ஊசித்துளை போட்டு, அசைக்காமல் விட்டுவிட வேண்டும். மூன்று வாரம் கழித்துப் பார்த்தால் கால் மில்லிமீட்டருக்கு ஒரு படிகம் மின்னும், இல்லையென்றால் அடியில் பிசின் ஒட்டியிருக்கும். முதல் எட்டு மாதம் எனக்குப் பிசின்தான். ஒருநாள் வெறுத்துப்போய், "எங்கள் ஊரில் சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டாலே கற்கண்டு ஏறிக்கொள்ளும், இதற்கு மட்டும் என்ன வீம்பு?" என்று பக்கத்து மேசைக்காரியிடம் புலம்பினேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள்.

வைவா முடிந்து வெளியே வந்தால் தொப்பி தயார். கறுப்பு அட்டையில் சதுரத் தொப்பி. அதன்மேல் பொம்மை ரைஸ் குக்கர் ஒன்று, குளிரில் உறைந்து நான் ஹீட்டர்மேல் வைத்துக்கொண்டிருந்த தேங்காய் எண்ணெய் பாட்டில் ஒன்று, நாலு மூலையிலும் நூலோடு கற்கண்டு. ஜெர்மனியின் வடக்கே டீக்குக் கற்கண்டு போட்டுக் குடிக்கும் பழக்கம் உண்டு, நூலோடு கடையிலேயே கிடைக்கும். மூன்று வருடத்துக்கு முன்னால் புலம்பியதை அந்தப் பெண் ஞாபகம் வைத்திருக்கிறாள்!

அப்புறம் என்னைக் கைவண்டியில் உட்காரவைத்துக் கல் பாவிய தெருவில் இழுத்துப் போனார்கள். முதுகெலும்பு ஒவ்வொன்றாக எண்ணிக்கொள்ளலாம், அப்படி ஒரு குலுக்கல். பழைய நகரமன்றத்துக்கு முன்னால் ஒரு நீரூற்று, அதில் வாத்து மேய்க்கும் பெண்ணின் வெண்கலச் சிலை. கென்சலீசல் என்பார்கள். 1901-ல் வைத்தார்கள். இப்போது அங்கே நிற்பது நகல், அசல் அருங்காட்சியகத்தில். புது டாக்டர்கள் ஏறிப் பூங்கொத்து வைத்து அவளுக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும். ஒருகாலத்தில் சேர்க்கை முடிந்த புது மாணவர்களே கூட்டமாகப் போய்க் கொடுத்துக் கலாட்டா செய்தார்களாம். 1926-ல் தடையே போட்டார்கள். ஒரு மாணவர் கோர்ட் வரை போய்த் தோற்றார். தடையை யார் மதித்தார்கள்?

நான் ஏறும்போது மழை. சிலைக்குமேல் வளைந்திருக்கும் இரும்புப் பூவேலையில் தொப்பி மாட்டிக்கொண்டது, கற்கண்டு கரைந்து நெற்றியில் பிசுபிசுவென்று இறங்குகிறது. வீடியோ காலில் அம்மா, "அந்தப் பொண்ணு யாருடா?" என்கிறார். "சிலைம்மா." "சரி, முதல்ல தலையைத் துடை."

* * *

கற்கண்டுத் தொப்பி அண்ணாவுக்கு வாழ்த்து. நான் கணிதத்துறைக்கு ஒரு கோடைக்கு மட்டும் போனவள். எனக்கு ஊரே கல்லறை வழியாகத்தான் அறிமுகம்.

ஒரு ஞாயிறு காலை நகர இடுகாட்டில் கணித மேதை காவுஸின் கல்லறையைத் தேடி அலைந்தேன். பச்சை வாளியில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, "அவர் இங்கே இல்லை, ஆல்பனி இடுகாட்டில். இங்கே பிளாங்க் இருக்கிறார், போதுமா?" என்றார், காய்கறிக்காரர் தக்காளி இல்லை கத்திரி இருக்கிறது என்பதுபோல. இயற்பியலாளர் மாக்ஸ் பிளாங்க் கல்லின் அடியில், குவாண்டம் இயற்பியலுக்கே அடிப்படையான அவருடைய மாறிலி எண்ணாகவே செதுக்கியிருக்கிறது. இன்னொரு இயற்பியலாளர் மாக்ஸ் போர்ன் கல்லில் குவாண்டம் சமன்பாடு. கணிதப் பேராசிரியர் ஹில்பர்ட் கல்லில், நாம் அறிந்தாக வேண்டும், அறிவோம் என்ற பொருளில் அவர் சொன்ன வாக்கியம்.

எனக்கு அங்கே இல்லாத ஒருவர்தான் நெஞ்சில் நின்றார், கணித மேதை எம்மி நோதர். பெண் என்பதால் கற்பிக்கும் தகுதி தர மறுத்தார்கள். ஹில்பர்ட் பெயரில் அறிவிப்புப் போட்டு வகுப்பு எடுத்தார். 1919-ல்தான் தகுதி கிடைத்தது. 1933-ல் நாஜிகள் வந்ததும் யூதர் என்று வெளியேற்றப்பட்டார். நான் உட்கார்ந்து படித்த கணித நிறுவனக் கட்டடம் 1929-ல் திறந்தது. நாலே வருடத்தில் அதன் அறைகள் காலியானதை நினைத்தால் அந்தப் படிக்கட்டில் வேகமாக ஏறவே தோன்றாது.

* * *

ரொம்பக் கனமாகிவிட்டது, நான் ஜெயிலைப் பற்றிச் சொல்கிறேன். பல்கலைக்கழகத்துக்கென்றே மாணவர் சிறை இருந்தது, கார்ட்சர் என்று பெயர். குடித்துவிட்டுக் கத்தினால், வாள் சண்டை போட்டால் சில நாள் உள்ளே. ஆலா என்கிற பல்கலைக்கழக விழா மண்டபக் கட்டடத்தில் அந்தச் சிறையின் சுவரெல்லாம் கைதிகளின் கைவரிசை: தொப்பி போட்ட பக்கவாட்டு முகங்கள், பெயர், தேதி. எங்கள் ஹாஸ்டல் சுவர் ஞாபகம் வந்தது. நாங்கள் எழுதியதற்கு வார்டன் சுண்ணாம்பு அடித்தார். அவர்களுடையதற்குக் கைடு வைத்துச் சுற்றிக்காட்டுகிறார்கள்.

* * *

மேலே தொப்பியைப் பற்றி எழுதியவன்தான். அது எங்கே என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டீர்கள். தாம்பரம் வீட்டுப் பரணில் இருக்கிறது. ரைஸ் குக்கர் பத்திரம். நூல் நாலும் வெறும் நூல், கற்கண்டின் மிச்சத்தை எறும்பு முடித்துவிட்டது.