பனிக்காலணி வேண்டாம், ‘அகலடி’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

வெண்பனியில் நடக்கக் காலில் கட்டிக்கொள்கிற ‘ஸ்னோஷூ’ என்ற கருவிக்குத் தமிழ்ப் பெயராகப் ‘பனிக்காலணி’யே போதும் என்று இருவர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உடன்பாடில்லை. அது காலணியே இல்லை. பூட்ஸ் போட்டு, அதன்மேல் வாரை இழுத்துக் கட்டும் அகலமான சட்டம். கடையில் பனிக்காலணி கேட்டால் கம்பளி வைத்த பூட்ஸைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள்.

‘பனி’யும் இடிக்கிறது. இங்கே மூணாறில் பனி விழுந்தது என்றால் உறைபனிதான், வெண்பனி அல்ல. டிசம்பர், ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் விடியற்காலையில் தேயிலை உப்புத் தூவியதுபோல் வெளுத்துக் கிடக்கும். வெயில் ஏறினால் கொழுந்து கருகிவிடும். அதில் யார் காலும் புதையாது. இங்குள்ள ஆனைமுடிச் சிகரம் 2,695 மீட்டர் உயரம். காஷ்மீரத்துக் குல்மார்க்கும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் குல்மார்க் வடக்கே 34 பாகை அட்சரேகையில் இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே குவியும் வெண்பனியில் வெறும் பூட்ஸோடு இறங்கினால் முழங்கால்வரை உள்ளே போகும். அப்புறம், எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பலர் மலையாளத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்குப் ‘பனி’ என்றால் காய்ச்சல்!

கருவி செய்யும் வேலையிலிருந்தே பெயர் வரட்டும். உடல் எடையை அகலப் பரப்பி, கால் புதையாமல் காப்பதுதான் அதன் வேலை. வட அமெரிக்கப் பழங்குடியினர் மரச்சட்டத்தை வளைத்து, பதனிடாத தோல்வாரைக் குறுக்கும் நெடுக்கும் பின்னிச் செய்தார்கள். இன்று அலுமினியச் சட்டம், பிளாஸ்டிக் தளம். வேலை மாறவில்லை. ஆகவே ‘அகலடி’ என்று முன்வைக்கிறேன். அதை மாட்டியவர் ஒரு சட்டம் இன்னொன்றை மிதிக்காதபடி காலை அகட்டித்தான் நடக்கவேண்டும். அந்த நடையும் சொல்லுக்குள் வந்துவிடுகிறது. ஒரு பகல் போய்த் திரும்புகிற மலைநடையை ‘அகலடி நடை’ எனலாம். ‘மிதியடி’ எனக்கும் பிடித்த சொல்தான், ஆனால் இன்று அது வாசலில் போடுவதாகிவிட்டது. ‘பனிமிதவை’ என்றால் படகு நினைவுக்கு வரும்.

பனி என்ற சொல் இல்லாமல் எப்படிப் புரியும் என்று கேட்பீர்கள். முதலில் வரும் இடத்தில் ‘வெண்பனி அகலடி’ என்று எழுதுவோம், பிறகு அகலடி போதும்.

உறுப்புகளுக்கும் பெயர் வேண்டும். முன்பாதம் மட்டும் கட்டப்பட்டிருக்க, குதிகால் ஒவ்வோர் எட்டிலும் மேலே எழும். செங்குத்தான ஏற்றத்தில் குதிகாலுக்கு அடியில் ஒரு கம்பியை நிமிர்த்திவிட்டால் கெண்டைக்கால் இழுபடாது. அதற்குக் ‘குதிமுட்டு’ சரியாக இருக்கும். முன்பாதத்தின் அடியில் இறுகிய பனியைக் கவ்வும் உலோக முனைகளைப் ‘பற்கள்’ என்றே விடலாமா? பூட்ஸில் தனியாக மாட்டும் முள்சட்டத்தோடு குழம்பாத சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.

தேவிகுளத்திலிருந்து, அன்புடன்.