நிக்கான் டி3200 கேமராவுக்குப் பழைய லென்ஸ்கள் வாங்கலாமா?

கேள்வி – நெல்லைக்காரன்

வணக்கம். அண்ணன் பயன்படுத்திவந்த நிக்கான் டி3200 கேமராவும் அதனுடன் வந்த 18-55 மிமீ லென்ஸும் இப்போது என்னிடம் உள்ளன. வரும் தை மாதம் மகளுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். ஒத்திகையில் நான் எடுத்த படங்களில் முகம் ஓரளவு தெளிவாக இருந்தாலும், முத்திரை பிடிக்கும் கைகள் கலங்கலாகவே விழுகின்றன. கூந்தன்குளத்துக்கு வரும் பறவைகளையும் எடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. பழைய கேமரா விற்கும் ஒருவர் 50 மிமீ எஃப்/1.8டி, ஏஎஃப்-பி 70-300 மிமீ ஆகிய இரண்டு நிக்கான் லென்ஸ்களைக் காட்டினார். இரண்டும் கேமராவில் சரியாக மாட்டுகின்றன. வாங்கலாமா?

பதில் – ஒளியச்சு

தயவுசெய்து இரண்டையும் வாங்க வேண்டாம். நிக்கான் தன் எஃப் மவுண்ட் எனும் லென்ஸ் மாட்டும் அமைப்பை 1959ஆம் ஆண்டு முதல் வைத்திருப்பதால், அந்த நிறுவனத்தின் லென்ஸ்களில் பெரும்பாலானவை உங்கள் கேமராவில் மாட்டிக்கொள்ளும். ஆனால் மாட்டிக்கொள்வது வேறு, வேலை செய்வது வேறு.

50 மிமீ எஃப்/1.8டி லென்ஸுக்குள் போகஸ் மோட்டார் கிடையாது. அதன் பின்பக்க உலோக வளையத்தைப் பார்த்தால் திருகாணித் தலை போன்ற சிறிய பள்ளம் ஒன்று தெரியும். கேமராவிலிருந்து நீளும் முனை அந்தப் பள்ளத்தில் பொருந்திச் சுழற்றினால்தான் ஆட்டோபோகஸ் நடக்கும். டி3000, டி5000 வரிசைக் கேமராக்களில் அந்த முனையும் இல்லை, அதைச் சுழற்றும் மோட்டாரும் இல்லை. ஆகவே உங்களுக்கு அது கையால் போகஸ் செய்யும் லென்ஸாக மட்டுமே பயன்படும்.

ஏஎஃப்-பி லென்ஸின் நிலை இதைவிட மோசம். அதன் போகஸ் வளையமே மின்சார வழியில் இயங்குவதால், அந்த வகையை அறியாத டி3200இல் கையால்கூடப் போகஸ் செய்ய முடியாது. அடுத்து வந்த டி3300 முதற்கொண்டுதான், அதுவும் கேமராவின் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு, அது வேலை செய்யும்.

நீங்கள் தேட வேண்டியது லென்ஸின் மேல் ‘ஏஎஃப்-எஸ்’ என்ற எழுத்துகளை. லென்ஸுக்குள்ளேயே போகஸ் மோட்டார் உண்டு என்பதற்கு அதுவே அடையாளம். அரங்கேற்றத்துக்கு ஏஎஃப்-எஸ் 35 மிமீ எஃப்/1.8ஜி, பறவைகளுக்கு ஏஎஃப்-எஸ் 55-300 மிமீ விஆர் (அதிர்வுக் குறைப்பு உள்ளது) ஆகியவற்றைப் பரிந்துரைக்கிறேன். எஃப் எண் சிறியதானால் லென்ஸின் திறப்பு பெரிது. கேமராவுடன் வந்த உங்கள் கிட் லென்ஸ் 55 மிமீயில் எஃப்/5.6க்கு மேல் திறக்காது, எஃப்/1.8இல் ஏறக்குறைய 10 மடங்கு வெளிச்சம் உள்ளே வருவதால், அதே ஐஎஸ்ஓவில் (ஒளி உணர்திறன் அளவில்) 1/20 நொடி கேட்ட இடத்தில் 1/200 நொடியில் எடுத்துவிடலாம். கைகள் கலங்குவதற்கு உண்மையான மருந்து இதுதான்.

பதில் – மாடவீதி

நண்பர் சொன்னவற்றில் ஒன்றை மட்டும் மறுக்கிறேன். மேடை நடனத்துக்கு 35 மிமீ போதாது. டி3200இல் படம் பதியும் சென்சார் சிறியது என்பதால் 50 மிமீ லென்ஸ் அதில் 75 மிமீ போலக் காட்டும். மூன்றாவது, நான்காவது வரிசையில் அமர்ந்து ஒருவரை மட்டும் தலை முதல் சலங்கை வரை எடுக்க அதுவே ஏற்றது. ஏஎஃப்-எஸ் 50 மிமீ எஃப்/1.8ஜி உங்கள் கேமராவில் ஆட்டோபோகஸ் செய்யும். வாங்கும் முன் கிட் லென்ஸை 35இலும் 50இலும் நிறுத்தி, அரங்கில் நீங்கள் அமரப்போகும் இருக்கையிலிருந்தே பார்த்து முடிவு செய்யுங்கள்.

எஃப்/1.8டி லென்ஸை வீட்டில் அசையாமல் இருப்பவரைப் படமெடுக்கத் தாராளமாகப் பயன்படுத்தலாம். திறப்பின் அளவை மாற்றும் அதன் அபர்ச்சர் வளையத்தை 22இல் வைத்துப் பூட்ட வேண்டும், இல்லாவிட்டால் கேமரா ‘எஃப்இஇ’ என்று காட்டிப் படமெடுக்க மறுக்கும். போகஸ் சரியானதும் வியூஃபைண்டரின் ஓரத்தில் பச்சைப் புள்ளி நிலையாக எரியும். ஆனால் தில்லானாவின் வேகத்தில் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

நெல்லைக்காரன்

இருவருக்கும் மிக்க நன்றி. 50 மிமீ எஃப்/1.8ஜியையே வாங்கிக்கொள்கிறேன். பறவைகளுக்கு டாம்ரான் 70-300 ஒன்று குறைந்த விலையில் கிடைக்கிறது. அது பொருந்துமா?

பதில் – ஒளியச்சு

மேடைக்கு 50 மிமீதான் சரி. மாடவீதி சொல்வதை ஏற்கிறேன். டாம்ரான் விஷயத்தில் கவனமாக இருங்கள். அந்த லென்ஸ் நிக்கானுக்கென்றே மோட்டார் உள்ளதாகவும் இல்லாததாகவும் வந்திருக்கிறது. விற்பவரின் வாய்மொழியை நம்பாமல் உங்கள் கேமராவில் மாட்டி, ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்தி, லென்ஸ் தானாகவே போகஸ் தேடுகிறதா என்று பாருங்கள். அதிர்வுக் குறைப்பு அதில் உண்டா என்பதையும் கேளுங்கள். இல்லையென்றால் 300 மிமீயில் 1/500 நொடியைவிட மெதுவான ஷட்டர் வேகத்துக்கு இறங்கக் கூடாது, அதிகாலைக் குளக்கரை வெளிச்சத்தில் அந்த வேகம் எளிதில் கிடைக்காது. கடைசியாக, கைப்பேசி விளக்கை லென்ஸின் ஒரு முனையில் பிடித்து மறுமுனை வழியாகப் பாருங்கள். கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற பூஞ்சை இழைகள் தெரிந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.