பேரூராட்சியிடம் முதியோர் மதியச் சாப்பாட்டுக்குப் பணம் கேட்க முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

காவிரிக்கரை (கேள்வி)

டெல்டா பக்கம் ஒரு சின்னப் பேரூராட்சி எங்களுடையது, ஊர்ப் பெயர் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், சில கடைக்காரர்கள், கோயில் தெருப் பெண்கள் என்று கொஞ்சம் பேர் சேர்ந்து, தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு மதியம் ஒரு வேளை சாப்பாடு கொடுத்து வருகிறோம். சமையல் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்கட்டில் நடக்கிறது. நடக்க முடிந்தவர்கள் அங்கேயே வந்து சாப்பிடுவார்கள், முடியாதவர்களுக்குத் தூக்குவாளியில் வீட்டுக்குப் போய்விடும். சாதம், குழம்பு, ஒரு கறி, மோர். வாரத்தில் இரண்டு நாள் முட்டை, வேண்டாம் என்பவர்களுக்குச் சுண்டல். ஏறக்குறைய நாற்பது பேர் இதை நம்பியிருக்கிறார்கள்.

இப்போது மூச்சு வாங்குகிறது. பெரிய தொகை கொடுத்துக்கொண்டிருந்தவர் காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில், அவர்களுக்கு இதில் நாட்டமில்லை. மண்டபக்காரர் நல்ல மனிதர்தான், ஆனால் முகூர்த்த நாளில் அடுப்பைக் காலி செய்து கொடுக்க வேண்டியிருக்கிறது, ஆவணியிலும் தையிலும் நாங்கள் வீதி வீதியாகச் சமையலுக்கு இடம் தேடுகிறோம். பருப்பு, எண்ணெய், சிலிண்டர் விலை உங்களுக்கே தெரியும்.

பேரூராட்சியில் கேட்டோம். கவுன்சிலர் "மனு கொடுங்க, பாக்கலாம்" என்றார். அலுவலகத்தில் "இதுக்கெல்லாம் ஹெட் கிடையாதுங்க" என்று, அதாவது கணக்கில் இதற்கென்று செலவுத் தலைப்பு இல்லை என்று, அனுப்பிவிட்டார்கள். சென்னையில் அம்மா உணவகம் மாநகராட்சிப் பணத்தில்தானே ஓடுகிறது? அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது?

வடவாறு

முதலில் ஒன்று. அந்த நாற்பது பேரில் முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு மதியச் சாப்பாடு ஏற்கெனவே அரசுத் திட்டத்தில் இருக்கிறது. எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவைத் தொடங்கினார், அடுத்த வருடமே உதவித்தொகை வாங்கும் முதியோரையும் அதில் சேர்த்தார்கள். பக்கத்துச் சத்துணவு மையத்தில் தினமும் சாப்பிடலாம், அப்படிச் சாப்பிடுகிறவர்களுக்கு மாதம் 2 கிலோ அரிசி, சாப்பிடாதவர்களுக்கு 4 கிலோ என்பது விதி. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி சேலை உண்டு என்று எல்லோருக்கும் தெரிகிறது, இந்தச் சாப்பாடு மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. புதிதாகப் பணம் கேட்பதற்கு முன்னால் இருக்கிற உரிமையைக் கேளுங்கள்.

காவிரிக்கரை

தெரியும் சார். எங்களிடம் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் உதவித்தொகை வாங்குகிறவர்கள்தான். போகச் சொல்லியும் பார்த்தோம். ஒரு பாட்டி, "எம் பேத்தி படிக்கிற பள்ளிக்கூடத்துல நான் தட்டை ஏந்தணுமா" என்று கேட்டுவிட்டார், அதற்கு மேல் என்ன பேசுவது? இன்னும் சிலரால் அவ்வளவு தூரம் வெயிலில் நடக்கவே முடியாது. பள்ளி விடுமுறை விட்டால் என்ன செய்வது என்ற கேள்வியும் இருக்கிறது.

பேரேடு

அலுவலகத்தில் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிப் பதில்தான். நான் பேரூராட்சிகளில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன், உள்ளே எப்படி யோசிப்பார்கள் என்று சொல்கிறேன்.

செயல் அலுவலர் தணிக்கைக்குத்தான் பயப்படுகிறார், உங்கள் மேல் அவருக்கு ஒரு வருத்தமும் இருக்காது. "தனியார் அமைப்புக்கு மளிகை வாங்கப் பணம் கொடுத்தது எந்த விதியின்படி" என்று உள்ளாட்சித் தணிக்கைக்காரர் ஒரு தடை எழுதிவிட்டால், அது அவர் எந்த ஊருக்கு மாறினாலும் பின்னாலேயே வரும், ஓய்வு பெறும் நேரத்தில் பணப்பலனை நிறுத்தி வைக்கும் அளவுக்குப் போகும். மன்றமே தீர்மானம் போட்டாலும் கையெழுத்து அவருடையது. அதனால்தான் "ஹெட் கிடையாது" என்ற ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறார்கள்.

சரி, பணம் எங்கே இருக்கிறது? மத்திய அரசின் 15-வது நிதிக்குழு 2021-26க்குப் போட்ட கணக்கில் உங்கள் ஊர் மாதிரி இடங்களுக்கு வந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், துப்புரவு என்று கட்டிப்போட்டது. மீதி 40 உள்ளூர்த் தேவைக்கு, ஆனால் அதைச் சம்பளத்துக்கும் நிர்வாகச் செலவுக்கும் தொடக்கூடாது என்று இருந்தது. எம்.எல்.ஏ. நிதியும் எம்.பி. நிதியும் நிலையான சொத்து உருவாக்க மட்டும். நமக்கு நாமே திட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு நீங்கள் கட்டினால் மீதியை அரசு போடும், அதுவும் கட்டடம், பூங்கா போன்ற வேலைகளுக்குத்தான். மிச்சம் இருப்பது சொத்து வரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை என்று பேரூராட்சியே வசூலிக்கும் பொது நிதி. சின்ன ஊரில் அது தெருவிளக்குக் கரண்ட் பில்லுக்கும் துப்புரவுப் பணியாளர் சம்பளத்துக்குமே இழுத்துக்கோ பறித்துக்கோ என்றிருக்கும்.

ஆக எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் எழுப்பப் பணம் உண்டு, உலை வைக்கப் பணம் கிடையாது. இது மடத்தனம்தான், ஆனால் நீங்கள் ஒரு மனுவில் மாற்றக்கூடிய மடத்தனம் இல்லை. எனவே அவர்களால் எதைக் கொடுக்க முடியுமோ அதைக் கேளுங்கள். உங்கள் ஊரில் பேரூராட்சிக்குச் சொந்தமான சமுதாயக் கூடமோ பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடமோ இல்லாமல் இருக்காது. அதன் பின்பக்கம் ஒரு சமையல் கூடம், தண்ணீர் இணைப்பு, பெரிய பாத்திரம், கிரைண்டர். இதெல்லாம் சொத்து, பதிவேட்டில் ஏறும், தணிக்கையில் நிற்கும். மண்டபத் தொல்லை அத்தோடு தீரும், உங்கள் மாதச் செலவில் இடத்துக்கும் கரண்டுக்கும் போகிற பங்கும் குறையும். "முதியோர் மதிய உணவுக்கூடம்" என்று பேரூராட்சி பெயரிலேயே பலகை வைக்கச் சொல்லுங்கள், தலைவருக்குத் திறப்புவிழா கிடைக்கும். கேலிக்குச் சொல்லவில்லை, திறப்புவிழா இல்லாத வேலை மெதுவாகத்தான் நடக்கும்.

தீர்மானத்துக்கு ஒரு பிடிமானம் வேண்டும். அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் நகர்ப்புற உள்ளாட்சிக்கு 18 பொருள்கள் இருக்கின்றன, அதில் நலிந்த பிரிவினரின் நலனைக் காப்பதும் ஒன்று. மனுவில் அதை எழுதுங்கள். எழுதினால் உடனே பணம் வரும் என்று இல்லை, கையெழுத்துப் போடுகிறவருக்குச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கும்.

வார்டு நம்பர் தெரியாதவன்

சென்னைக் கதையைக் கேட்டீர்களே. 2013-ல் ஆரம்பித்தபோது இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து, தயிர் சாதம் மூன்று. வாங்குகிற பொருள் விலை எங்கேயோ போய்விட்டது, விற்கிற விலை அதேதான். வித்தியாசம் முழுக்க மாநகராட்சி தலையில். சொத்து வரியும் தொழில் வரியும் கோடிக்கணக்கில் வருகிற ஊர் என்பதால் தாங்குகிறது, அதுவும் முனகிக்கொண்டே. 2024 ஜூலையில் முதல்வர் தேனாம்பேட்டை உணவகத்தைப் பார்த்துவிட்டு 21 கோடி அறிவித்தாரே, அதில் 7 கோடி பாத்திரங்களுக்கு, 14 கோடி புதுப்பிக்க. பேரேடு ஐயா சொல்வது அங்கேயும் அப்படியே பொருந்துகிறது பாருங்கள்.

அப்புறம், அம்மா உணவகம் முதியோருக்கென்று வந்தது இல்லை. ஆனால் எங்கள் தெருவில் காலையில் டிபன் பாக்ஸோடு வரிசையில் நிற்பவர்களில் நரைத்த தலைதான் அதிகம்.

பாலக்காட்டு மாப்பிள்ளை

மானியத்தை நம்பி மட்டும் ஓட்டாதீர்கள், அக்கரைக் கதையைச் சொல்கிறேன். கேரளாவில் 2020-ல் ஜனகீய ஹோட்டல்கள் என்று மலிவு விலைச் சாப்பாட்டுக் கடைகள் வந்தன. குடும்பஸ்ரீ என்ற அரசு மகளிர் குழுக்களின் பெண்கள் 20 ரூபாய்க்குச் சாப்பாடு போடுவார்கள், ஒரு சாப்பாட்டுக்குப் பத்து ரூபாய் அரசு மானியம், கிலோ 10 ரூபாய் 90 பைசாவுக்கு அரிசி, வாடகையும் தண்ணீரும் கரண்டும் உள்ளாட்சி பொறுப்பு. நன்றாகத்தான் போனது. அப்புறம் மானியம் மாதக்கணக்கில் பாக்கி விழுந்தது, பெண்கள் நகை அடகு வைத்து மளிகைக் கடைக்காரருக்குக் கொடுத்த கதையெல்லாம் இங்கே கேட்டிருக்கிறோம். 2023 ஆகஸ்டில் மானியத்தையே நிறுத்திவிட்டார்கள், சாப்பாடு 30 ரூபாய் ஆனது. அதற்குப் பிறகு பல இடங்களில் மூடினார்கள்.

தாக்குப்பிடித்த இடங்களைப் பார்த்தால், பஞ்சாயத்துக் கட்டடம் இருந்த இடங்கள்தான் எனக்கு அதிகம் தெரிகின்றன. வாடகை என்ற ஒன்று இல்லாவிட்டால் 30 ரூபாயில் சமாளிக்க முடிகிறது.

கொலம்பஸ் அண்ணாச்சி

அமெரிக்காவில் நான் இருக்கும் ஓஹாயோவில் பெரும்பாலான கவுண்டிகளில் (நம் மாவட்டம் மாதிரி) முதியோர் சேவைக்கென்றே சொத்து வரியோடு தனி வரி ஒன்று உண்டு. சில வருடங்களுக்கு ஒருமுறை தேர்தலில் மக்களே ஓட்டுப் போட்டு அதைப் புதுப்பிக்க வேண்டும், வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும் செலவில் கணிசமான பங்கு அதிலிருந்துதான். 1965-ன் முதியோர் நலச் சட்டப்படி மத்திய அரசுப் பணமும் வரும், ஆனால் விலைவாசிக்கு அது போதாது. நம் ஊரிலும் சொத்து வரியோடு நூலக வரி கட்டுகிறோம் இல்லையா? அதே மாதிரி முதியோர் உணவுக்கு ஒரு சிறு வரி ஏன் கூடாது?

பேரேடு

அண்ணாச்சி, ஒரு ரூபாய் சொத்து வரிக்குப் பத்துப் பைசா நூலக வரி. மக்கள் ஒழுங்காகக் கட்டுகிறார்கள், அதை வசூலித்த உள்ளாட்சிகள் நூலகத் துறைக்குக் கொடுக்காமல் வருடக்கணக்கில் பாக்கி வைப்பது ஊரறிந்த விஷயம். புது வரிக்குச் சட்டம் வேண்டும், அதைச் சென்னையில் கேளுங்கள். கேள்வி கேட்டவர் உலை நாளைக்குக் கொதிக்க வேண்டும்.

மருந்துப்பை

நான் மக்களைத் தேடி மருத்துவத்தில் தன்னார்வலர். சர்க்கரை, பிரஷர் மாத்திரை கொடுக்க வீடு வீடாகப் போகிறவள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரியும். வெறும் வயிற்றில் சர்க்கரை மாத்திரை போட்டுக்கொண்டு மயங்கி விழுகிறவர்கள் இருக்கிறார்கள், டீயும் பன்னும்தான் சாப்பாடு என்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர்த் தன்னார்வலரிடம் பேசுங்கள் சார். "நாற்பது ஏழை முதியோர்" என்று மனுவில் எழுதுவதைவிட, இத்தனை பேர் தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், இத்தனை பேர் படுக்கையில் என்று எழுதினால் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரே ஒரு கடிதம் கொடுப்பார்.

இன்னொன்று, தாயுமானவர் திட்டத்தில் 2025 ஆகஸ்டிலிருந்து வயதானவர்களுக்கு ரேஷன் வீட்டு வாசலுக்கே வருகிறது. அரிசி வந்துவிடுகிறது, அதை வடிக்க யாரும் இல்லை. அந்த அரிசியை அவர்களே உங்கள் சமையலுக்குக் கொடுத்தால் என்ன?

பேரேடு

வேண்டாம் அம்மா, நல்ல எண்ணம்தான். பத்து வீட்டு ரேஷன் அரிசி ஓரிடத்தில் மூட்டையாகக் கிடந்தால் கடத்தல் பிடிக்கிற போலீஸ் கேட்கிற முதல் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது. அந்தப் பக்கமே போகாதீர்கள். டாக்டர் கடிதம் மட்டும் பிரமாதமான யோசனை.

அரிசி பருப்புக்குக் கம்பெனிகளைப் பாருங்கள். லாபம் 5 கோடி தாண்டிய கம்பெனி சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழித்தாக வேண்டும், பசி போக்குவது அந்தப் பட்டியலில் முதல் வரியிலேயே இருக்கிறது. அங்கே மளிகைக்குப் பணம் கொடுக்கத் தடை இல்லை. ஆனால் நீங்கள் அறக்கட்டளையாகப் பதிவாகி, வருமான வரித் துறையில் அறக்கட்டளைப் பதிவும் நன்கொடை வரிச்சலுகைப் பதிவும் (பழைய சட்டத்தில் 12ஏ, 80ஜி) வாங்கி, கம்பெனிகளின் சமூகப் பணிப் பணம் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 படிவமும் போட்டிருக்க வேண்டும், மூன்று வருடம் வேலை செய்த கணக்கும் காட்ட வேண்டும். இல்லையென்றால் பக்கத்து டவுனில் இதெல்லாம் வைத்திருக்கிற ஒரு அமைப்பின் கீழ் சேர்ந்துகொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தீர்களா? வருடத்துக்கு 100 ரூபாய்தான். அது இல்லாத சமையல் கூடத்துக்குப் பேரூராட்சி சாவி கொடுக்காது.

வடவாறு

எல்லோரும் அரசைச் சுலபமாக விட்டுவிடுகிறீர்கள். சமையலுக்குக் கட்டடம் வாங்கிக்கொண்டு அரிசிக்குக் கம்பெனி வாசலில் நிற்கச் சொல்கிறோம். உதவித்தொகை வாங்குகிற அந்தப் பாதிப் பேருக்குச் சத்துணவு மையத்தில் சமைத்ததைத் தூக்குவாளியில் எடுத்துப்போக அனுமதி கேட்டால் என்ன? பாட்டி தட்டேந்த வேண்டாம், சாப்பாடு வீட்டுக்குப் போகும், உங்கள் செலவும் பாதியாகும். சத்துணவுப் பொறுப்பு ஒன்றிய அலுவலகத்தில், கலெக்டர் வரை போகலாம். திங்கள்கிழமை மனுநாளில் அந்தப் பாட்டிகளையே கூட்டிக்கொண்டு போங்கள்.

காவிரிக்கரை

நான் நினைத்ததைவிட நிறையக் கிடைத்தது, எல்லோருக்கும் நன்றி. வடவாறு சார் சொன்னதைக் கலெக்டர் மனுவாகவும், பேரேடு ஐயா சொன்னதைப் பேரூராட்சி மனுவாகவும் தனித்தனியாகப் போடுகிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு இல்லை, அதை முதலில் செய்கிறோம். பஸ் நிலையத்துக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கிற சமுதாயக் கூடம் ஒன்று இருக்கிறது, கூரை மட்டும் ஒழுகும். ஐயா, மனுவைத் தலைவருக்கு எழுதுவதா, செயல் அலுவலருக்கா?

பேரேடு

இரண்டு பேருக்கும். செயல் அலுவலருக்குப் போவதில் முத்திரை வைத்து ரசீது வாங்குங்கள், தலைவருக்கு நேரில் கொடுங்கள். அடுத்த மன்றக் கூட்டம் என்றைக்கு என்று கேட்டு, அஜெண்டா தயாராவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள், கடைசி நாளில் போனால் "அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம்" ஆகிவிடும். கூரை ஒழுகுகிறது என்பதைக் கட்டாயம் போட்டோவோடு எழுதுங்கள். பழுதுபார்ப்பு வேலை என்றால் அவர்களிடம் ஹெட் இருக்கிறது.