உதவி: வலப்பக்கப் பெட்டியின் ஒலி மெலிந்துவிட்டது, வெள்ளி வயர் வாங்கலாமா?

குருநகரான்:
வணக்கம். ஸ்பீக்கர்ப் பெட்டிகளில் ஒன்றை விறாந்தைக்கு மாற்றிப் புது வயர் இழுத்த நாளிலிருந்து அந்தப் பக்கத்து ஒலி மெலிந்துவிட்டது. தவிலின் தொப்பி ஓசை (தாழ்ந்த ஓசை தரும் பக்கம்) கேட்கவே இல்லை. வெள்ளி வயர் போட்டால் சரிவருமா? ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விசேஷம், விரைவாகச் சொல்லுங்கள்.

கோண்டாவிலான்:
வயர் எத்தனை மீற்றர், பருமன் என்ன, பெட்டியின் பின்புறத்தில் எத்தனை ஓம் (மின்தடையின் அலகு) என்று எழுதியிருக்கிறது? இவை தெரியாமல் எதுவும் சொல்ல முடியாது.

மானிப்பாய் ரசிகர்:
தொப்பி ஓசை போய்விட்டதென்றால் வயரைப் பழிக்க வேண்டாம். ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் இடம் மாறியிருக்கும். ஒன்று காற்றை முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுத்தால் தாழ்ந்த ஓசைகள் ஒன்றையொன்று விழுங்கிவிடும்.

நல்லூர் மூத்தவர்:
இதே கேள்விக்கு விடை எழுதி எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. தம்பி, கேட்கும் முன் அளந்து பார்க்கப் பழக வேண்டும். வெள்ளி செப்பைவிட ஏறத்தாழ 6 வீதமே கூடுதலாகக் கடத்தும். சற்றுத் தடித்த செப்பு அதை ஈடுசெய்துவிடும். வயரின் இழையைக் கத்தியால் சுரண்டுங்கள். உள்ளே வெண்மை தெரிந்தால் அது செப்புப் பூசிய அலுமினியம்.

பருத்தித்துறையான்:
கணக்குச் சரி அண்ணை, ஆனால் கடற்கரையில் வெறும் செப்பும் நிலைப்பதில்லை. எங்கள் வீட்டில் பழைய வயரின் உறையை ஒரு சாண் தூரம் உரித்தும் இழைகள் பச்சையும் கறுப்புமாகவே இருந்தன. குருநகருக்கு வெள்ளீயம் பூசிய செப்பிழைதான் பொருந்தும்.

நல்லூர் மூத்தவர்:
முனையில் மட்டும் ஈயம் பற்றவைத்தால் போதுமே, முழு நீளத்துக்கும் ஏன் காசைக் கொட்ட வேண்டும்?

பருத்தித்துறையான்:
ஈயம் வைத்த முனையைத் திருகாணியின் கீழ் இறுக்கினால், ஈயம் நாளடைவில் நசிந்து பிடி தளர்ந்துவிடும். லக் (வயர் முனையில் மாட்டும் சிறு உலோகக் காது) நசித்துப் பொருத்துவதே நல்லது.

குருநகரான்:
மன்னிக்கவும், முன்பே எழுதியிருக்க வேண்டும். 12 மீற்றர், 0.75 சதுர மில்லிமீற்றர் வயர், 4 ஓம் பெட்டி. சிவப்பும் கறுப்பும் சரியாகவே உள்ளன. சுரண்டினேன், உள்ளே வெள்ளை. கடையில் செப்பு என்று சொல்லித்தான் தந்தார்கள்.

கோண்டாவிலான்:
அப்படியானால் காரணம் அதுதான். போக வர 24 மீற்றர். அந்த அலுமினிய வயரில் ஏறத்தாழ 1 ஓம் தடை இருக்கும், ஆகவே பெட்டிக்குச் சேர வேண்டிய மின்னழுத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. 2.5 சதுர மில்லிமீற்றர்ச் செப்பிழை வயரில் அதே தூரத்துக்கு 0.19 ஓம் தான் வரும். வயரின் தடை பெட்டியின் ஓமில் 5 வீதத்துக்குள், அதாவது உங்களுக்கு 0.2 ஓமுக்குள், நின்றால் போதும். வெள்ளீயம் பூசிய செப்புக் கிடைத்தால் வாங்குங்கள், கிடைக்காவிட்டால் சாதாரணச் செப்பை வாங்கி முனைகளுக்கு லக் போடுங்கள். வெள்ளி வேண்டாம்.

குருநகரான்:
2.5 செப்பு இழுத்து, லக் போட்டாயிற்று. தொப்பி கேட்கிறது. எல்லோருக்கும் நன்றி.