மாருதி ஆம்னி வேன் டேஷ்போர்டு வெடிப்பு: எந்தப் பசையும் நிக்க மாட்டேங்குது, அவசரம்

மண்டபம் வண்டி:
அண்ணே, யாராச்சும் சொல்லுங்க. டேஷ்போர்டு மீட்டர் பக்கத்துல வெடிச்சிருச்சு. ஃபெவிக்விக் விட்டுப்போச்சு. எம்-சீல் வச்சா அப்படியே பேத்துக்கிட்டு வருது. நாளன்னிக்கு சவாரி இருக்கு. என்ன பசை வாங்கணும்?

தொண்டி டிங்கர்:
எந்த வருஷ வண்டி? வெடிப்பு ஸ்க்ரூ ஓட்டையிலருந்து கிளம்புதா, நடுவுலயா? நீளம் எவ்வளவு? கழட்டித் திருப்பிப் பாத்தா அம்புக்குறிக்குள்ள எழுத்து அச்சாயிருக்கும், அது என்ன?

கீழக்கரை காக்கா:
பசையே வேணாம் தம்பி. ஏபிஎஸ்னு (அது ஒரு வகை பிளாஸ்டிக்) அச்சு இருக்கிற உடைஞ்ச பைக் பேனலைப் பொடிசா நறுக்கி கண்ணாடி பாட்டில்ல போட்டு, மூழ்குற அளவு அசிட்டோன் ஊத்தி மூடி வைங்க. மறுநாள் தேன் பதத்துக்கு வந்துரும். வெடிப்பைப் பாதி கனத்துக்கு ‘வி’ மாதிரி கீறி, மெல்லிசா ரெண்டு மூணு தடவை பூசுங்க. ஒரே தடவையா அப்பினா உள்ள அசிட்டோன் மாட்டிக்கிட்டு குமிழ் விடும், வாரக்கணக்குல இளகியே கிடக்கும். நெயில் பாலிஷ் ரிமூவர்ல எண்ணெய் கலந்திருக்கும், அது ஆகாது. அடுப்பு, பீடி பக்கத்துல இந்த வேலையே வேணாம்.

ராம்நாடு சீனியர்:
என்ன பிளாஸ்டிக்னே கேக்காம மருந்து எழுதிக் குடுத்தாச்சு. இதே கேள்விக்கு இங்க எத்தனை தடவை பதில் போட்டாச்சு, தேடிப் படிக்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. எம்-சீல் தடம் தெரியாம உரிஞ்சு வருதுன்னா அது பெரும்பாலும் பிபி, அதாவது பாலிப்ரொப்பிலீன் பிளாஸ்டிக். பிபியில எம்-சீல் மாதிரி எபாக்சி பசை பிடிக்காது, அசிட்டோன் கரைக்காது. சந்தேகம்னா பின்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்துல அசிட்டோன் நனைச்ச பஞ்சை அழுத்தித் தேய்ங்க. பிசுபிசுத்தா ஏபிஎஸ். ஒண்ணும் ஆகலைன்னா பிபின்னு வச்சுக்கலாம்.

உச்சிப்புளி ஓட்டுநர்:
அதைவிட சுலபமா, ஒரு சின்னச் சில்லைத் தண்ணியில போடுங்க. மிதந்தா பிபி, மூழ்கினா ஏபிஎஸ்.

ராம்நாடு சீனியர்:
சுத்தமான பிபிக்குத்தான் அது சரி. டேஷ்போர்டு பிபியில டால்க் பொடி கலந்திருக்கும். நூத்துக்கு இருபது கலந்தாலே அடர்த்தி 1.05 பக்கம் போயிரும் (தண்ணிக்கு 1), ஏபிஎஸ்ஸும் அதே அளவுதான். ரெண்டும் மூழ்கும். மிதக்குற சோதனையை நம்பி அசிட்டோன் வாங்காதீங்க.

பாம்பன் காத்து:
நம்ம ஊர் உப்புக் காத்துதான் காரணம். கடலைப் பாத்து நிறுத்துற வண்டி எல்லாத்துக்கும் இப்படித்தான் வெடிக்குது.

கீழக்கரை காக்கா:
உப்பு பிளாஸ்டிக்கை ஒண்ணும் செய்யாது. வெயில்தான். கண்ணாடி வழியா வர்ற சூடும் வெளிச்சமும் மேல்தோலை மொறுமொறுன்னு ஆக்கிருது. தேங்காயெண்ணெய் தடவிப் பளபளப்பு ஏத்துறதும் கெடுதல். ஏபிஎஸ்ல இழுவிசை இருக்கிற இடத்துல எண்ணெய் இறங்கினா மயிரிழை வெடிப்பு விடும்.

தொண்டி டிங்கர்:
ரெண்டு பேரும் பாதிதான் சொல்றீங்க. உப்பு பிளாஸ்டிக்கைத் தின்னாது, ஸ்க்ரூவைத் தின்னும். துரு இரும்பைவிட அதிக இடம் கேக்கும். ஸ்க்ரூ ஏறியிருக்கிற குழாயை உள்ளருந்து விரிச்சுப் பிளக்கும். பிளந்த இடத்துலருந்து வெயில் மிச்சத்தை முடிக்கும். அதனாலதான் ஸ்க்ரூ ஓட்டையிலருந்தான்னு கேட்டேன்.

பாம்பன் காத்து:
அப்ப உப்புதானே முதல் காரணம்?

கீழக்கரை காக்கா:
கதவு பேட் நடுவுல வெடிக்குதே, அங்க ஏது ஸ்க்ரூ?

மண்டபம் வண்டி:
2005 மாடல். ஸ்க்ரூ ஓட்டையிலருந்துதான், 4 இஞ்சு. பின்னாடி பிபின்னு போட்டிருக்கு, கூட என்னமோ நம்பர். சால்டரிங் அயர்ன் இருக்கு.

தொண்டி டிங்கர்:
அப்ப அயர்னால பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டுற வெல்டிங்தான். முதல்ல பேட்டரி நெகட்டிவ் கழட்டுங்க. துருப்பிடிச்ச ஸ்க்ரூவை முறுக்கி உடைச்சிராதீங்க. தலையில அயர்ன் முனையைக் கொஞ்ச நேரம் வச்சா சுத்தி இருக்கிற பிளாஸ்டிக் இளகும், அப்பறம் திருப்பினா வரும்.

வெடிப்பு முடியுற நுனியைத் தேடி 3 மி.மீ. ஓட்டை போடுங்க. இதை விட்டா எவ்வளவு நல்லா ஒட்டினாலும் அங்கருந்து திரும்ப ஓடும். பழைய பசை ஒரு பொட்டுகூட இல்லாம சுரண்டணும், அது உருகாது, கருகி வெல்டுக்குள்ள நிக்கும்.

பின்பக்கம் எவர்சில்வர் (எஸ்.எஸ்.) டீ வடிகட்டி வலையை 1 இஞ்சு அகலத்துக்கு வெட்டி, வெடிப்பு மேல வச்சு அயர்னால அமுக்கி உள்ள இறக்குங்க. இரும்பு வலை போட்டா இந்தக் கரையில அதுவும் துருப்பிடிச்சு வெடிக்கும். மேல நிரப்ப, பிபின்னு அச்சு இருக்கிற உடைஞ்ச பம்பர் துண்டுலருந்து 3 மி.மீ. குச்சி வெட்டுங்க. ஏபிஎஸ் துண்டு பிபியோட சேராது. 25 வாட் அயர்ன் போதும். புகை வந்தாலோ பழுப்பாச்சுன்னாலோ சூடு அதிகம், அந்த இடம் பொடியும். வலை பூரா மூடணும். ஆறுற வரைக்கும் பலகையில வச்சு கிளாம்ப் பிடிங்க, இல்லேன்னா வளைஞ்சு ஓட்டை ஒத்து வராது.

ராம்நாடு சீனியர்:
மாட்டும்போது இரும்பு ஸ்க்ரூ வேணாம், எஸ்.எஸ். போடணும். 4 மி.மீ. ஸ்க்ரூன்னா டேஷ்போர்டு ஓட்டை 5 மி.மீ. இருக்கணும், அகலமான வாஷர் வைக்கணும். வெயில்ல பிளாஸ்டிக் நீளும், நகர இடம் வேணும். டிரில் வச்சு இறுக்கக் கூடாது, கைதான்.

உச்சிப்புளி ஓட்டுநர்:
ஏர்பேக் உள்ள வண்டியிலயும் இதே மாதிரி செய்யலாமா?

ராம்நாடு சீனியர்:
ஏர்பேக் மூடியிலயும் அதைச் சுத்தியும் வெல்டு, பசை, வலை எதுவும் கூடாது. அந்த மூடி குறிச்ச கோட்டுல கிழியணும்னே வடிவமைச்சது. புதுசு மாத்துங்க.

மண்டபம் வண்டி:
பத்த வச்சாச்சு, நிக்குது. ஸ்க்ரூ முழுக்கத் துருதான். நன்றிண்ணே.

தொண்டி டிங்கர்:
நுனியில ஓட்டை போட்டீங்களா? அந்தக் குழாயை வெல்டு பண்ணீங்களா, மேல மட்டுமா?